விரட்ட வேண்டிய செடியைப் பறித்துச் சமைப்பது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

காட்டுக்கீரையும் பழமும் பறிக்கப் போகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லித்தரும் முதல் விதி, "கொஞ்சமாக எடு, மீதியைச் செடிக்கு விடு" என்பது. ஆக்கிரமிப்புச் செடிகளிடம் இந்த விதி தலைகீழாகிவிடும். வேரோடு பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டு போனாலும் யாரும் வருந்தமாட்டார்கள். பேராசைப்படலாம், குற்ற உணர்வு வேண்டாம். இந்தத் தாராளம்தான் பலரை இதற்குள் இழுக்கிறது. சறுக்குவதும் அங்கேதான். எடுக்கலாமா என்று யோசிக்கத் தேவையில்லாத இடத்தில், சாப்பிடலாமா என்று யோசிக்கவும் மறந்துவிடுகிறோம்.

வேறொரு நிலத்திலிருந்து வந்து, வந்த இடத்தில் தன்னைக் கட்டுப்படுத்தும் பூச்சியோ நோயோ இல்லாததால் பெருகி, அங்கிருந்த செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் ஆக்கிரமிப்புச் செடி. எல்லாக் களையும் ஆக்கிரமிப்புச் செடி ஆகாது. வெளியிலிருந்து வந்ததெல்லாமும் ஆகாது. ஓரிடத்தில் அடங்கி வளரும் ஒரு செடி, இன்னோரிடத்தில் காட்டையே மூடிவிடும்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டே ஒரு செடியை ஒழித்துவிடலாம் என்ற நினைப்போடு இறங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1920களில் சப்பாத்திக்கள்ளி ஏறக்குறைய 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தை மூடியிருந்தது. அதன் பழமும் மட்டையும் தின்னக்கூடியவைதான். ஆனால் அதை அடக்கியது மனிதர்களின் வாய் அல்ல. 1926இல் விடப்பட்ட கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள். சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதிக் கள்ளியை அவை குடைந்து சாய்த்தன. நாம் பறிப்பதால் ஒரு தோட்டத்து மூலையும் ஒரு வாய்க்கால் கரையும் சுத்தமாகலாம். அதற்கு மேல் ஆசைப்படாமல் இருந்தால் ஏமாற்றமும் இருக்காது.

முதலில் ஒரே ஒரு செடி

தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் வாரத்திலேயே இருபது செடிகளின் பெயரைக் கற்றுக்கொள்வது. ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். முளையாக, தழையாக, பூவோடு, காயோடு, காய்ந்து போனபின் என்று ஒரு முழுச் சுற்று அதைப் பாருங்கள். ஓராண்டு பார்த்த செடியைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம், நண்பரை நடையை வைத்தே அடையாளம் காண்பதுபோல. படத்தில் பார்த்த செடி அப்படி மனதில் தங்காது.

பழகத் தொடங்க நான் சொல்வது பருப்புக்கீரை, அதாவது போர்டுலகா ஒலரேசியா. இது எந்த மண்ணில் பிறந்தது என்பதில் தாவரவியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பனி மூடாத நிலம் எங்கே இருந்தாலும் அங்கே இருக்கிறது, தோட்டக்காரர்களின் தீராத தலைவலியாக. அதன் தண்டு உருண்டையாக, வழவழப்பாக, ரோமமே இல்லாமல், பெரும்பாலும் செம்மை படர்ந்து தரையோடு கிடக்கும். இலை சின்னக் கரண்டி வடிவம். தடிமன், கிள்ளினால் தண்ணீர் கசியும். பூ மஞ்சள், வெயில் ஏறும்போது சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். காய் பழுத்தால் பானை மூடி கழல்வதுபோல மேல்பாதி தனியாக வந்துவிடும். உள்ளே மணல்போல் கறுப்பு விதைகள்.

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இதன் போலி பக்கத்திலேயே வளரும். தரையோடு படரும் அம்மான் பச்சரிசி வகைகள், அதே வெடிப்பில், அதே வெயிலில், சில சமயம் இதனோடு பின்னிக்கொண்டே கிடக்கும். அவற்றின் தண்டு நூல்போல மெலிது, பெரும்பாலும் ரோமம் இருக்கும், இலை மெல்லியது. தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் துளிர்க்கும். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. பருப்புக்கீரையை ஒடித்தால் வருவது நிறமில்லாத தண்ணீர். ஆகவே ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பார்த்தே பைக்குள் போடுங்கள். ஒரு கொத்தில் ஒரு தண்டைச் சோதித்துவிட்டு மொத்தத்தையும் அள்ளுவது சோதனையே ஆகாது. வாடிய தண்டில் பால் வராமலும் போகலாம் என்பதால் வாடியதை எடுக்கவே வேண்டாம்.

சுவை பற்றி ஒரு சின்ன விஷயம். வறண்ட வெயில் நாட்களில் இந்தச் செடி இரவில்தான் கரியமில வாயுவை உள்ளிழுத்து, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும். பகலில் அதைச் செலவழிக்கும். அதனால் காலையில் பறித்தால் புளிப்பு, சாயங்காலம் பறித்தால் சாதுவான சுவை. ஒரே செடி, இரண்டு கறி.

பெயரை நம்ப வேண்டாம்

பருப்புக்கீரை என்று சொன்னேனே, அந்தப் பெயரைச் சிலர் சக்கரவர்த்திக்கீரைக்கும் சொல்வார்கள். இரண்டும் இரண்டு குடும்பம். வழக்குப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயரில் நாலு செடி இருக்கும், ஒரே செடிக்கு நாலு பெயர் இருக்கும். கீரை விஷயத்தில் இது சின்னக் குழப்பம். மருந்து விஷயத்தில் சிறுநீரகமே போகும்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சிகிச்சை எடுத்த பெண்கள் பலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. கொடுக்க வேண்டிய மூலிகை ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா. சீன வழக்குப் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் அதற்குப் பதிலாக வந்து சேர்ந்தது அரிஸ்டோலோகியா ஃபாங்சி. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். மருந்தாக விற்றவர்களே ஏமாந்த இடம் இது.

அதனால் தாவரவியல் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உச்சரிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, எழுதத் தெரிந்தால் போதும். கைபேசிச் செயலி ஒரு பெயரைக் காட்டினால் அதைத் துப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு என்று அல்ல. செயலி இலையின் உருவத்தைப் பார்க்கும். ஒடித்துப் பார்க்காது, முகர்ந்து பார்க்காது. இலை, தண்டு, பூ, காய், மணம், வளரும் இடம் எல்லாம் ஒத்துப்போன பிறகும், அந்தச் செடியை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

முகர்வது பற்றிச் சொன்னதால் ஒன்று. பூண்டுக்கடுகு என்று ஒரு செடி, அல்லியாரியா பெட்டியோலாட்டா. ஐரோப்பாவிலிருந்து போய் வட அமெரிக்கக் காடுகளின் தரையைப் பிடித்துக்கொண்டது. அங்கே முதலில் பதிவானது 1868இல். இலையைக் கசக்கினால் பூண்டு மணம் வரும், அதுதான் அடையாளம். முதல் இலையைக் கசக்கியதுமே உங்கள் விரலும் பூண்டாகிவிடும். அப்புறம் எந்த இலையைக் கசக்கினாலும் பூண்டு வாசம்தான் வரும். மூக்கை நம்புவது முதல் இரண்டு இலைகள் வரைதான். பிறகு கண்தான் பேச வேண்டும்.

தொடக்கூடாதவற்றை முன்பே படியுங்கள்

தின்னக்கூடிய பட்டியலுக்கு முன்னால் தின்னக்கூடாத பட்டியல். எண்ணிக்கையில் சின்னதுதான், ஆனால் தெரியாமல் வெளியே கிளம்பக்கூடாது.

பார்த்தீனியத்தைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள பார்த்தெனின் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கிளப்பும். மகரந்தம் மூச்சுக்கும் ஆகாது. இளம் செடியில் கேரட் இலைபோல் தழைத்திருக்கும், அங்கேதான் ஏமாறுவார்கள். உண்ணிச்செடியின் இலை கால்நடைகளின் கல்லீரலைக் கெடுக்கும், பச்சைக் காயும் நஞ்சு. பழுத்ததைத் தின்றோம், ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்கமாட்டேன், ஒரே கொத்தில் பழுத்ததும் பழுக்காததும் கலந்தே இருக்கும், குழந்தைகள் பார்த்துப் பார்த்துத் தின்னமாட்டார்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு தின்ற ஆடுகள் நரம்பு கெட்டுத் தள்ளாடும். குளிர்நாடுகளில் பெரிய ஹாக்வீட் என்ற செடியின் சாறு தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் தீக்காயம்போலக் கொப்பளிக்கும்.

எல்லாவற்றையும்விட ஊமத்தை. தனியாக நிற்கும் ஊமத்தையை யாரும் கீரை என்று பறிக்கமாட்டார்கள். முள்காயும் எக்காளப் பூவும் காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து, பூக்காத இளஞ்செடி கீரைப்பாத்திக்குள் கலந்து நிற்பதில். 2019இல் உகாண்டாவில் உணவு உதவியாகக் கொடுத்த சத்துமாவில் ஊமத்தைக்குரிய நஞ்சுகள் கலந்திருந்தன. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். சோயா வயலில் களையாக நின்ற ஊமத்தை, அறுவடையோடு கூடவே வந்திருந்தது. கொத்தாக அறுத்து மூட்டையில் திணிப்பது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. கிளை கிளையாகப் பறியுங்கள், வீட்டில் மறுபடி ஒவ்வொன்றாக ஆய்ந்து எடுங்கள்.

கண்மணி விரிந்து, வாய் உலர்ந்து, முகம் சிவந்து, பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். தின்றதில் மிஞ்சியதையும் பறித்த செடியையும் கையோடு எடுத்துப்போங்கள். மருத்துவருக்கு அது பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

செடி சரி, நிற்கும் இடம்?

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். சாதாரணக் காட்டுக்கீரையை யாரும் வெறுப்பதில்லை. ஆக்கிரமிப்புச் செடியை எல்லோரும் வெறுக்கிறார்கள். வெறுப்பவர்களின் கையில் தெளிப்பான் இருக்கிறது. செழிப்பாக நிற்கும் புதர்தான் அடுத்து மருந்தடிக்கப்போகிற புதரும். மருந்தடித்த அன்று செடி பச்சைப்பசேலென்றுதான் இருக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் மஞ்சளடிக்கவே பல நாட்கள் ஆகும். 2,4-டி வகை என்றால் தண்டு முறுக்கிக்கொண்டு இலை கிண்ணம்போல் வளையும். இப்படிக் கோணலாக வளர்ந்த செடியைக் கண்டால் அந்த வட்டாரத்தையே விட்டுவிடுங்கள். கோணல் இல்லை என்பதற்காக மருந்து அடிக்கவில்லை என்று முடிவுகட்டவும் முடியாது. நிலத்துக்காரரைக் கேட்பது ஒன்றே வழி: கடைசியாக எப்போது, என்ன அடித்தீர்கள்? தெரியாது என்று பதில் வந்தால், அடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதையோரம், மின்கம்பி போகும் தடம், விளையாட்டுத் திடல் விளிம்பு ஆகியவற்றுக்குக் கேட்கவே வேண்டாம், போகவும் வேண்டாம்.

அடுத்தது மண். ஈயம் கலந்த பெட்ரோலை உலகத்திலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, அதுவும் 2021இல்தான். அதற்குமுன் பல பத்தாண்டுகள் சாலையோரத்தில் படிந்த ஈயம் எங்கும் போகவில்லை, மேல்மண்ணிலேயே இருக்கிறது. வண்டி அதிகம் ஓடும் சாலையிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளிப் பறிப்பது என் வழக்கம். பழைய ஆலை நிலம், குப்பைமேடு, பழைய கட்டடத்தின் உரிந்த சுண்ணமும் பெயின்ட்டும் விழும் சுவரோரம், இவையும் வேண்டாம்.

ஆகாயத்தாமரையை, அதாவது வெங்காயத்தாமரையை, தின்னலாமா என்று புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள். ஏரியை மூடிக் கிடக்கிறதே, வீணாகப் போகிறதே என்ற ஆதங்கம் புரிகிறது. ஆனால் அமேசான் படுகையிலிருந்து உலகெங்கும் போன இந்தச் செடியைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கவே பயன்படுத்துகிறார்கள், காட்மியம், ஈயம், பாதரசம் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்கிறது என்பதால். உறிஞ்சியது அதற்குள்ளேயேதான் இருக்கும். போதாக்குறைக்கு ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தொண்டையை அரிக்கும். மட்க வைக்கலாம், கூடை முடையலாம். வாயில் வைக்க வேண்டாம். நீரில் வளரும் வேறு கீரைகளையும் பச்சையாகத் தின்னாதீர்கள். ஆடு மாடு மேயும் ஓடையில் கூட்டுக்குள் அடைந்த கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவினால் போகாது, வெந்தால்தான் சாகும்.

உரம் கொட்டிய வயலோரத்து முள்ளுக்கீரை தளதளவென்று இருக்கும். அந்தத் தளதளப்பில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும். கைக்குழந்தைக்கு அதைக் கொடுக்கக்கூடாது. பெரியவர்களும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அனுமதியும் சட்டமும்

யாருக்கும் வேண்டாத செடிதானே என்று அடுத்தவர் நிலத்தில் நுழைய முடியாது. அப்புறம், பல நாடுகளில் ஆக்கிரமிப்புப் பட்டியலில் உள்ள செடியை உயிரோடு எடுத்துச்செல்வதே குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, பட்டியலிட்ட இனங்களை ஏற்றிச்செல்லவும் வளர்க்கவும் தடை போடுகிறது. பிரிட்டனில் ஜப்பானிய நாட்வீட் என்ற செடியைத் திறந்த வெளியில் நடுவதும் வளரச்செய்வதும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தின் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். விதை, வேர், முளைக்கக்கூடிய தண்டு இவற்றை விட்டுவிட்டுத் தேவையானதை அங்கேயே நறுக்கி எடுத்துவருவது எங்கும் பாதுகாப்பு.

பறித்தல்

தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, சின்னக் கத்தரிக்கோல், செடிக்கு ஒரு துணிப்பை, ஒரு பூதக்கண்ணாடி. வேறு ஒன்றும் வேண்டாம். ஒரு பைக்குள் ஒரே செடி என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜப்பானிய நாட்வீட் மூங்கில் முளைபோல் செம்புள்ளியோடு கிளம்பும். ஒரு சாணுக்கு மேல் வளராத முளையைத் தரைக்கு மேலே ஒடித்தால், புளிப்பும் மொறுமொறுப்புமாக இருக்கும். தோண்டவே கூடாது, ஒரு கிராம்கூட இல்லாத கிழங்குத் துண்டும் புதுச் செடியாகிவிடும். பிரிட்டன் முழுக்கப் பரவியிருப்பது ஒரே ஒரு பெண் செடியின் துண்டுகள்தான் என்று மரபணு ஆய்வு காட்டியது. விதையே இல்லாமல் ஒரு தீவைப் பிடித்த செடி அது.

குட்ஸு கொடி 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சிக்கு அலங்காரச் செடியாக வந்தது. பிறகு மண்ணரிப்பைத் தடுக்க அமெரிக்க அரசே நட ஊக்குவித்தது; இப்போது மரங்களை மூடிக்கொண்டு நிற்கிறது. இளந்தளிரும் பூவும் தின்னலாம். கிழங்கை இடித்துத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தெளியவைத்து, மேல்நீரை ஊற்றி, மறுபடி கரைத்து என்று நாலைந்து முறை செய்தால் வெள்ளை மாவு கிடைக்கும். முதுகு ஒடியும் வேலை, முதல் ஆண்டு வேண்டாம். இரண்டுக்கும் மூன்று இலைக் கூட்டு என்பதால், இதனூடே வளரும் பாய்சன் ஐவி என்ற கொடியைக் கவனியுங்கள். அதன் எண்ணெய் பட்டாலே தோல் கொப்பளிக்கும்.

முள்ளுக்கீரையில் கதிர் விடுமுன் நுனித்தளிர். இலைக்கக்கத்தில் இரட்டை முள் இருக்கும், மெதுவாக. சிறுபூனைக்காலியில் வலைபோர்த்திய காய் மஞ்சளாகித் தானே கழன்று வரும்போது மட்டும். பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடு தரும் பொருள் உண்டு.

சீமைக்கருவேலத்தின் காய் இனிப்பானது. மரத்துக்கு மரம் சுவை மாறும் என்பதால் காய்ந்த காய் ஒன்றை ஒடித்து மென்று பார்த்துத் துப்புங்கள். கசந்தால் அந்த மரத்தை விடுங்கள். மரத்திலிருந்தே பறியுங்கள். தரையில் விழுந்து ஈரம் குடித்த காயில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். துளை விழுந்திருந்தால் உள்ளே வண்டு. நன்றாகக் காயவைத்து, சுள்ளென்று ஒடிந்தால் இடித்துச் சலித்து, வேறு மாவோடு கொஞ்சமாகக் கலந்து பயன்படுத்துங்கள்.

சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கு வருகிறேன். அதன் பெரிய முள் ஒன்றும் செய்யாது, கண்ணுக்குத் தெரியும். பழத்தின் மேல் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும் சுணைதான் எமன். நான் முதல் முறை துணியால் பிடித்துப் பறித்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். சுணை துணியில் ஏறி, துணியிலிருந்து விரலுக்குப் போய், விரலால் உதட்டைத் துடைத்தபோது உதட்டுக்கும் போயிற்று. இரண்டு நாள் பேசும்போதெல்லாம் குத்தியது. இப்போது செய்வது இது: இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்து, பழத்தைத் தணலில் நாலாபக்கமும் புரட்டுவேன். சுணை பொரிந்து கருகும் சத்தம் கேட்கும், அது நிற்கும்வரை. பிறகு இரண்டு முனையையும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, தோலைப் பாய் சுருட்டுவதுபோலப் பிரித்துவிடலாம். இத்தனைக்கும் இடுக்கியை விடக்கூடாது. விரலில் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள்; ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் ஓரளவு வந்துவிடும், மீதியைப் பூதக்கண்ணாடியும் சாமணமும் வைத்து எடுக்க வேண்டும்.

அடுப்படியில்

நன்றாகத் தெரிந்த செடியாக இருந்தாலும் முதல் முறை வேகவைத்து ஒரு கைப்பிடிக்குள் சாப்பிடுங்கள், அதுவும் அந்த ஒன்றை மட்டும். அடுத்த நாள்வரை உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இது ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க மட்டுமே. தெரியாத செடியை நாக்கில் வைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, கொஞ்சம் தின்று பார்ப்பது என்று ஒரு பரீட்சை சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதைச் செய்யாதீர்கள். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சுகள் வாரக்கணக்கில் மௌனமாக இருக்கும்.

பருப்புக்கீரை, முள்ளுக்கீரை, நாட்வீட் மூன்றிலும் ஆக்சலேட் அதிகம். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரையும் பகுதி ஓரளவு குறையும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது. கீரைகளில் வைட்டமின் கே இருப்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிடக்கூடாது. மருந்தின் கணக்கு தவறிவிடும்.

மருந்தாகப் பயன்படுத்துவது

உணவிலிருந்து மருந்துக்குப் போகும்போது தடுப்புவேலி உயர வேண்டும், தாழக் கூடாது. நடைமுறையில் எதிர்மாறாக நடக்கிறது. கீரை என்றால் ஆய்ந்து பார்க்கிறவர், கஷாயம் என்றதும் யாரோ சொன்னார்கள் என்று குடித்துவிடுகிறார். கஷாயம் என்பது செடியின் சாரத்தைக் கூட்டிக் குடிப்பது; நன்மை இருந்தால் அதுவும் கூடும், நஞ்சு இருந்தால் அதுவும்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடியைப் பாருங்கள். ஐரோப்பியச் செடி, அமெரிக்க, ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் பெருங்களை. மிதமான மனச்சோர்வுக்குப் பலன் தருவதாக ஆய்வுகளே இருக்கின்றன. ஆனால் அது கல்லீரலின் மருந்துச் சிதைப்பு நொதிகளை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்களுக்கான சைக்ளோஸ்போரின், எச்ஐவி மருந்துகள் எல்லாம் வேலை முடியுமுன்னே உடம்பிலிருந்து வெளியேறிவிடும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் வேறு ஆபத்து. உண்மையிலேயே வேலை செய்யும் மூலிகை என்பதால்தான் இத்தனை சிக்கல். ஒன்றும் செய்யாத செடி ஒன்றையும் கெடுக்காது.

குட்ஸு கிழங்கிலுள்ள ஐசோஃபிளவோன்கள் என்ற பொருள்கள் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்போல் நடந்துகொள்ளும். ஹார்மோன் சார்ந்த நோயுள்ளவர்கள் கிட்டே போக வேண்டாம். நாட்வீட் கிழங்கிலிருந்துதான் கடையில் விற்கும் ரெஸ்வெரட்ரால் என்ற துணைச்சத்து பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. அதற்காகக் கிழங்கைத் தோண்டிக் காய்ச்சுவதில் இரண்டு தப்பு: அளவு தெரியாது, செடியும் பரவும்.

வெட்டுக்காயப் பூண்டு மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து வெப்பநாடெங்கும் பரவியது. பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. வயலில் கசக்கிக் காயத்தில் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். இலையில் மருந்து இருந்தாலும் இலைமேல் மண்ணும் இருக்கிறது, மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். ஆழமான காயத்தில் பச்சிலை வேண்டாம்; சோப்பும் ஓடும் தண்ணீரும், பிறகு தடுப்பூசி.

மெல்லக் கொல்பவை தனி வகை. பிர்ரோலிசிடின் என்ற ஆல்கலாய்டுக் கூட்டம் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை, நாயுருவிபோல எங்கும் முளைக்கும் அஜெரேட்டம் முதலிய பல களைகளில் இருக்கிறது. 1970களில் ஆப்கானிஸ்தானின் மேற்கில், கோதுமையோடு கலந்த, தேள்கொடுக்கின் இனமான ஹீலியோட்ரோப் விதையால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லீரலின் ரத்தக்குழாய் அடைத்தது. அவர்கள் தின்றது ரொட்டிதான், அதுவும் பல மாதம். "எங்கள் வீட்டில் காலங்காலமாகக் குடிக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பது இந்த வகை நஞ்சுக்குப் பதிலாகாது.

அப்படியும் முயல்வதென்றால், சளி, அஜீரணம்போலத் தானே சரியாகக்கூடியதற்கு மட்டும். ஒரு நேரத்தில் ஒரே செடி. சில நாட்களுக்கு மேல் இல்லை. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகளுக்கு வேண்டாம். தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் செடியின் தாவரவியல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மஞ்சள்காமாலை, சர்க்கரை, நெஞ்சுவலி இவற்றுக்கு நீங்கள் பறித்த செடி மருந்தல்ல.

மிச்சத்தை என்ன செய்வது

கறி முடிந்தது, வேலை முடியவில்லை. ஆய்ந்து போட்ட தண்டு, விதை, வேர்தான் இனி கவனிக்க வேண்டியது. பருப்புக்கீரையின் வெட்டிய தண்டு ஈரமண்ணில் மறுபடி வேர்விடும்; பிடுங்கிப் போட்டபின்னும் காயில் விதை முற்றும். முதல் ஆண்டு மிச்சத்தை உரக்குழியில் போட்டேன். அடுத்த மழைக்கு உரம் போட்ட பாத்திகளிலெல்லாம் அதுதான் முளைத்தது. பூண்டுக்கடுகின் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். கள்ளி மட்டை தரையில் விழுந்த இடத்தில் நட்டதாகிவிடும். சீமைக்கருவேல விதை மாட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால் இன்னும் நன்றாக முளைக்கும், ஆகவே சலித்த சக்கையை மாட்டுக்கு வைக்காதீர்கள்.

வேர்விடக்கூடிய தண்டையும் கிழங்கையும் கொதிநீரில் நன்றாக வேகவைத்துப் பிறகு குப்பையில் சேர்க்கலாம். விதையை எரிப்பது உறுதி, எரிக்க அனுமதி உள்ள இடத்தில். இல்லையென்றால் கறுப்பு நெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில வாரங்கள் விட்டு, அழுகியபின் போடுங்கள். ஹிமாலயன் பால்சம் என்ற செடியின் காய் தொட்டாலே வெடித்து விதையை ஏழு மீட்டர்வரை எறியும். காய் பிடித்த பிறகு அதன் பக்கம் போகாமலிருப்பதே மேல்.

கிளம்புமுன் பறித்த இடத்திலேயே நின்று செருப்பின் அடிப்பள்ளத்தைக் குச்சியால் சுரண்டுங்கள். கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து உதறுங்கள். பையையும் அங்கேயே தலைகீழாக உதறிவிடுங்கள், சட்டைப் பையை மறக்காமல்.